காப்புப் படி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுக் கணிப்பொறியில் உள்ளவற்றிற்குப் படி எடுத்து வைத்தல் என்பதாகும். கடைத்தெருவில் இதனைப் 'பேக்கப்' என்பர். நாம் காப்புப் படி என்று சொல்லிக்கொள்வோம். கணிப்பொறி என்றவுடன், இஃது இளைஞர்க்கும் பொறியியல் கற்றோர்க்கும் உரிய செய்தி என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டா. நிலத்தின் பத்திரம், ஓய்வூதிய ஆணை, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், திருமணப் படங்கள், மறைந்த பெரியோரின் குரல் ஆகிய இவை ஒரு காலத்தில் இரும்புப் பெட்டியிலும் மர அலமாரியிலும் இருந்தன. இன்று பல வீடுகளில் இவை கணிப்பொறிக்குள் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு, கணிப்பொறி முன்பு எட்டிப் பாராத சிற்றூர் வீடுகளிலும் அது குடிபுகுந்துவிட்டது. இரும்புப் பெட்டிக்குப் பூட்டும் திறவுகோலும் உண்டு. கணிப்பொறிக்குள் இருக்கும் செல்வத்திற்குக் காவல் யாது? இந்த வினாவிற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

கணிப்பொறியில் உள்ள பொருள்கள் இரு வகைப்படும். மீண்டும் பெறத்தக்கன ஒரு வகை. பெறவியலாதன மற்றொரு வகை. கணிப்பொறியை இயக்கும் செயலிகள் அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலுக்கு, சற்று அலைந்தாலும், மறுபடி வாங்கலாம். ஆனால் பேரப்பிள்ளை முதன்முதல் பேசிய மழலைக்கு நகல் தரும் அலுவலகம் எங்கும் இல்லை. காப்புப் படி எடுக்க முனைவோர் முதலில் இந்த இரண்டாம் வகைப் பொருள்கள் யாவை, அவை எந்தக் கோப்புறையில் உள்ளன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எது தம்மிடம் உள்ளது என்றே அறியாதவர் எதனைக் காப்பார்?

இவையெல்லாம் கணிப்பொறியில் எங்கே உறைகின்றன? 'ஹார்ட் டிஸ்க்' எனப்படும் வன்தட்டில் உறைகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில் முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டனர். அதில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஓர் ஆளுயரப் பெட்டி முழுவதும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இன்று சட்டைப் பையில் அடங்கும் 1 டெராபைட் வன்தட்டு ஓர் இலட்சம் கோடி பைட்டுகளைக் கொள்கிறது. ஓர் ஆங்கில எழுத்திற்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால், இது முன்னதைப் போல் இரண்டு இலட்சம் மடங்காகும்.

இவ்வளவு பெரிய கொள்ளளவு எளிதில் வந்ததன்று. வன்தட்டினுள் கண்ணாடி போல் மெருகிட்ட வட்டத் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 முறையோ அதற்கு மேலோ சுழல்கின்றன. தட்டின்மேல் படாமல், ஆனால் மிக நெருங்கி, ஒரு சிறு முனை மிதந்தபடி காந்தக் குறிகளை எழுதுகிறது, படிக்கிறது. முனைக்கும் தட்டிற்கும் இடையே உள்ள தொலைவு சில நானோமீட்டர்களே. மனிதனின் தலைமயிர் ஒன்றின் பருமன் பல பதினாயிரம் நானோமீட்டர் ஆகும். சுழலும்போது வன்தட்டு கீழே விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடும். விழாமல் இருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உறுப்புகள் தேயும். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் மின்சுற்று கருகும். இக்காலத்து 'எஸ்.எஸ்.டி.' வகையில் சுழலும் உறுப்பு இல்லை. ஆயினும் அதற்கும் ஆயுள் உண்டு. சில வேளைகளில் முன்னறிவிப்பு ஏதுமின்றியே அது நின்றுவிடும். ஆதலின், 'என் வன்தட்டு கெடுமா?' என்று கேட்பதில் பயனில்லை. 'அது கெடும் நாளில் என்னிடம் என்ன இருக்கும்?' என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இனி, படி என்பது யாது என்று பார்ப்போம். இங்கேதான் பலர் இடறுகின்றனர். நம் நாட்டில் கணிப்பொறி விற்போர் வன்தட்டைச் 'சி' என்றும் 'டி' என்றும் இரு பகுதிகளாகப் பிரித்துத் தருவது வழக்கம். சி பகுதியில் உள்ளதை டி பகுதியில் மற்றொரு முறை எழுதிவிட்டால் காப்புப் படி ஆயிற்று என்று எண்ணுவோர் மிகுதி. சியும் டியும் இரு பெட்டிகள் அல்ல. ஒரே பெட்டியின் இரு தட்டறைகள். பெட்டி எரிந்தால் மேலறையும் எரியும், கீழறையும் எரியும்.

நான் அறிந்த தமிழாசிரியை ஒருவர், ஓய்வு பெற்றபின் காவிரிக்கரைச் சிற்றூர்களுக்குச் சென்று, மூதாட்டியர் பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்துவந்தார். பதினோர் ஆண்டு உழைப்பு அது. ஒரு கோடைக்காலத்தில் அவருடைய கணிப்பொறி திறவாமற் போயிற்று. "கவலையில்லை, எல்லாவற்றிற்கும் டியில் படி இருக்கிறது" என்று என்னிடம் அமைதியாகவே கூறினார். பழுது நீக்குவோரிடம் அவருடன் நானும் சென்றேன். அவர் வன்தட்டைக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே 'டக், டக்' என்று ஒலித்தது. "அம்மா, சியும் இதற்குள்தான், டியும் இதற்குள்தான்" என்றார். பின்னர்ச் சென்னைக்கு அனுப்பி, பெரும்பொருள் செலவிட்டு, மூன்றில் ஒரு பங்கு பதிவுகளை மீட்டனர். எஞ்சியவற்றைப் பாடிய மூதாட்டியருள் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். சொற்கள் அம்மையாரின் குறிப்பேட்டில் இருந்தன; மெட்டு இல்லை. அந்தப் பாட்டுகளை இனி நாம் படிக்கலாம், கேட்கவியலாது.

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பனையோலை சில தலைமுறைகளில் செல்லரித்துப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆதலின் ஏடு சிதையுமுன் வேறோர் ஏட்டில் படி எடுத்தனர். எடுத்த படியை ஒருவர் படிக்க, மூலத்தை மற்றொருவர் பார்த்து ஒப்பு நோக்கினர். ஒரே நூலின் படிகள் வெவ்வேறு ஊர்களில், மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் இருந்தன. ஓரூரில் தீப்பற்றினாலும் வேற்றூரில் நூல் வாழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டே பதிப்பித்தார். ஒன்றில் இல்லாத ஏடு மற்றொன்றில் கிடைத்தது. ஆனால் ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. படி எடுப்பார் குறைந்த இடத்தில் நூல் மறைந்தது. பொருள் ஓலையாயினும் வன்தட்டாயினும் விதி ஒன்றுதான்: படி தனித்திருக்க வேண்டும், படித்துப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்று வாங்க வேண்டும். கடையில் 'எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்' என்று கேட்டால் தருவர். கணிப்பொறியில் உள்ள பொருளின் அளவைப்போல் இரு மடங்கு கொள்வதாக இருத்தல் நலம். பழைய படிகளையும் சேர்த்து வைக்க அப்பொழுதுதான் இடம் இருக்கும். 1 டெராபைட் என்று வாங்கியதை இணைத்துப் பார்த்தால், விண்டோஸ் கணிப்பொறி 931 ஜிகாபைட் என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டா. செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்கிக் கணக்கிடுகிறது. பொருள் ஒன்றே, அளக்கும் படி வேறு.

இரண்டாவது, அதனைக் கணிப்பொறியில் இணைக்க வேண்டும். யு.எஸ்.பி. துளைகளுள் உட்புறம் நீல நிறமாக உள்ளது பெரும்பாலும் விரைவானது. 200 ஜிகாபைட் அளவுள்ள படங்களையும் பதிவுகளையும் எழுதுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 100 மெகாபைட் வீதம் எழுதினால் 2,000 வினாடி, அதாவது அரைமணிக்குச் சற்று மேல் ஆகும். பழைய வகைத் துளையில் வினாடிக்கு 30 மெகாபைட் வீதமே சென்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சிறு சிறு கோப்புகள் பல்லாயிரம் இருப்பின் இன்னும் கூடும். முதல் முறைக்கு மட்டுமே இவ்வளவு நேரம். அடுத்த முறை, புதியனவும் மாறியனவும் மட்டுமே எழுதப்படுமாறு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, எழுதும் முறை. இது இரு வகை. கோப்புறைகளை நாமே தெரிந்தெடுத்துப் படி எடுத்து, வெளி வன்தட்டில் அன்றைய நாளைப் பெயராக இட்ட கோப்புறையில் சேர்ப்பது ஒரு வகை. இதற்கு மேலான கருவி எதுவும் வேண்டா. மறவாமை ஒன்றே வேண்டும். கணிப்பொறியில் உள்ள செயலியிடம் ஒப்படைப்பது மற்றொரு வகை. விண்டோஸில் 2012-ஆம் ஆண்டு முதல் 'ஃபைல் ஹிஸ்டரி' என்னும் வசதி உண்டு. ஆப்பிள் கணிப்பொறியில் 2007 முதல் 'டைம் மெஷின்' உண்டு. இவை வன்தட்டு இணைந்துள்ளபோது, மாறிய கோப்புகளைத் தாமே படி எடுக்கும். விண்டோஸ் வசதியைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' முதலிய வழக்கமான கோப்புறைகளை அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் டி பகுதியில் தனியே வைத்தவற்றை, நீங்கள் சேர்க்காதவரை, எடுத்துக்கொள்ளாது. ஆதலின் முன்பு தாளில் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் சேர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

'நான் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறேன், அது போதாதா?' என்று சிலர் வினவலாம். நல்லதே; ஆயினும் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று தன்னை மாற்றிக்கொள்ளும் இரு இடங்கள், கண்ணாடியும் முகமும் போன்றவை. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரி தோன்றும். கணிப்பொறியில் ஒரு கோப்புறையை அழித்தால், அதனுடன் ஒத்திசையுமாறு அமைத்த இணையச் சேமிப்பிலும் அது அழியும். குப்பைத்தொட்டியில் சில நாட்கள் கிடக்கும், அதன்பின் இல்லை. காப்புப் படி கண்ணாடி போன்றதன்று. பழைய ஒளிப்படம் போன்றது. அன்றிருந்தது அன்றிருந்தபடியே நிற்க வேண்டும். இதனால்தான் ஒரே படியின்மேல் மீண்டும் மீண்டும் எழுதாமல், நாளிட்ட படிகள் சிலவற்றையேனும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். மூன்று மாதத்திற்கு முன் ஒரு கோப்பு பழுதாகி, அதனை நீங்கள் இன்றுதான் கண்டால், நேற்றைய படியிலும் பழுதுதான் இருக்கும்.

நான்காவது, எழுதி முடித்தபின் வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். வெடுக்கென்று பிடுங்கலாகாது. கணிப்பொறி சில வேளைகளில் எழுத வேண்டியதைத் தன்னிடமே சிறிது நேரம் வைத்திருந்து பின்பு எழுதும். 'சேஃப்லி ரிமூவ்' என்னும் கட்டளையைக் கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததை உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எப்பொழுதும் இணைந்தே இருந்தால் என்ன? இடியும் மின்னலும் வரும்போது கணிப்பொறியோடு அதுவும் கருகக்கூடும். அன்றியும் இன்னொரு பகையுண்டு. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வன்னாகிரை' என்னும் கணிப்பொறி நச்சு நிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. கோப்புகளை எவரும் படிக்கவியலாத மறைகுறியாக மாற்றிவிட்டு, மீட்டுத்தரப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள், அவ்வேளையில் இணைந்திருக்கும் வெளி வன்தட்டையும் பூட்டிவிடும். இணைப்பின்றி அலமாரியில் இருக்கும் வன்தட்டை அவற்றால் தீண்டவியலாது.

ஐந்தாவது, பெரும்பாலோர் விட்டுவிடுவது: எடுத்த படியை மீட்டுப் பார்த்தல். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் திரைப்படத்தைக் கணிப்பொறியில் உருவாக்கி வந்தனர். தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. காப்புப் படி இருக்கிறதே என்று அதனை நாடினர். அந்தப் படி முறையாகப் பதிவாகியிருக்கவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் காலின் சஸ்மன் என்னும் அம்மையார், குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்தே பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக் கணிப்பொறியில் படத்தின் படி ஒன்று இருந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வைகளில் சுற்றிக் காரில் மெல்லக் கொண்டுவந்து சேர்த்தனர். 1999-இல் படம் வெளிவந்தது. பெருநிறுவனத்தின் படி கைவிட்டது. தனித்து வேறிடத்தில் இருந்த வீட்டுப் படி காப்பாற்றியது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. சோதிக்காத படி படியன்று. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் படி போதாது.

சோதிப்பது எளிது. வெளி வன்தட்டை, இயலுமாயின், வேறொரு கணிப்பொறியில் இணையுங்கள். நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். படம் முழுமையாகத் தெரிகிறதா? பதிவு இறுதிவரை ஒலிக்கிறதா? கோப்பின் பெயர் இருப்பதும் பொருள் இருப்பதும் ஒன்றல்ல. செயலியின் வழியே படி எடுத்தவர், அச்செயலியின் வழியே ஒரு கோப்பை மீட்டுப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் இட்டுப் பூட்டிவைத்தவர், அந்தச் சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதி வேறிடத்தில் வைக்க வேண்டும். அதனை மறந்தால் கள்வனோடு நாமும் வெளியே நிற்க நேரும்.

பீட்டர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய ஒரு விதியை இன்று கணிப்பொறி வல்லோர் பலரும் எடுத்துரைப்பர். மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது அவ்விதி. இதன் இறுதிப் பகுதியின் தேவையை 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துச் சென்னைப் பெருவெள்ளம் நமக்கு உணர்த்தியது. தரைத்தளத்தில் நீர் புகுந்தபோது மேசைமேல் இருந்த கணிப்பொறியும், மேசையறைக்குள் இருந்த வன்தட்டும் ஒரே நீரில்தான் மூழ்கும். ஆதலின் இயன்றவர் இரண்டு வன்தட்டுகள் வைத்துக்கொள்க. ஒன்று தம் வீட்டில். மற்றொன்று வேற்றூரில் உள்ள மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வரும்போது மாற்றிக்கொண்டால் போதும். இயலாதவர் இன்றியமையாத சிலவற்றையேனும் இணையச் சேமிப்பில் வைக்கலாம்.

இவ்வளவும் கேட்டபின், 'இது பெரும் வேலையாயிற்றே' என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் போதும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த நாளை ஒரு சீட்டில் எழுதி வன்தட்டின்மேல் ஒட்டுங்கள். ஐந்தாண்டு ஆனதும், நன்றாக இருப்பினும், புதியதொன்று வாங்கி அதற்கு மாற்றுங்கள். ஓலை சிதைந்தபின் எவரும் படி எடுக்கவியலாது.

இறுதியாக ஒன்று. பல வீடுகளில் வன்தட்டு எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பது ஒருவருக்கே தெரியும். அவர் என்றும் இருப்பார் என்பதற்கு உறுதியுண்டா? வீட்டில் இன்னொருவருக்கும் அதனைக் காட்டிக்கொடுங்கள். அவர் கையாலேயே ஒரு முறை இணைத்து, திறந்து, ஒரு கோப்பை மீட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அதைச் செய்து முடித்த அன்றுதான் உங்கள் வீட்டில் காப்புப் படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம்.